வன்னிக் குளம் ஒன்றை ஆண்டு முழுக்கப் பனோரமா எடுப்பதென்றால் புரட்டாதியில் தொடங்குங்கள்

தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: வன்னியில் காட்டோரக் குளம் ஒன்றை ஒரே இடத்தில் நின்று நான்கு பருவத்திலும் பனோரமாவாக எடுக்க வேண்டும். எந்தக் குளம் நல்லது, எங்கே நிற்பது, போன் போதுமா, கமராதான் வேண்டுமா? மார்கழியில் குளம் நிறைந்து வான் பாயும்போது முதல் படத்தை எடுத்துத் தொடங்கலாம் என்று நினைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடைசி விஷயத்தையே முதலில் எடுப்போம். மார்கழியில் தொடங்காதீர்கள். புரட்டாதியில், குளம் வற்றிக் கிடக்கிற நேரத்தில் தொடங்குங்கள். நிறைந்த குளத்தை எங்கே நின்று எடுத்தாலும் அழகுதான். கண் ஏமாந்துவிடும். தண்ணீர் காலடி வரை நிற்கிறதே என்று அலைகரைப் பக்கம் மரநிழலில் ஓர் இடத்தைத் தெரிவு செய்வீர்கள். ஆவணியில் அதே இடத்துக்கு வந்தால் தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் கிடக்கும். உங்கள் படத்தில் இருப்பது புல்லும் சேறும் மட்டுமே. குளம் என்பது ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கிற பாத்திரம். கட்டுப் பக்கம், அதுவும் தண்ணீர் திறந்துவிடும் மதகு இருக்கிற துருசடியில், ஆழம் அதிகம். அலைகரைப் பக்கம் நிலம் மெல்ல மெல்ல ஏறிக் காட்டுக்குள் போய்விடும். ஓர் அடி தண்ணீர் இறங்கினால் கட்டில் ஒரு வரிசைக் கல்தான் வெளியே தெரியும், அலைகரையில் ஒரு வயலளவு நிலம் வெளியே வந்துவிடும். அதனால் ஆண்டு முழுக்கத் தண்ணீர் படத்தில் இருக்க வேண்டுமென்றால் குளக்கட்டில், துருசுக்குக் கிட்ட நின்றுதான் எடுக்க வேண்டும். எந்த இடத்தில் நின்றால் வற்றிய குளமும் படமாகத் தெரிகிறதோ, அந்த இடத்தில் நிறைந்த குளம் தானாகவே நன்றாக வரும்.

நான்கு பருவம் என்ற கணக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இலை சிவந்து உதிர்ந்து பனி விழுகிற நாடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே அதைத் தேடினால் ஏமாற்றம்தான். வன்னிக் காட்டில் பாலையும் வீரையும் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நிற்கும். முதிரை கோடையில் இலை கொட்டும், சித்திரையில் கொன்றை மஞ்சளாகப் பூக்கும், மற்றப்படி தூரத்துக் காட்டுக் கோடு பன்னிரண்டு மாதமும் ஏறத்தாழ ஒரே நிறம். இங்கே மாறுவது தண்ணீர் மட்டம், காற்று, வானம், குளத்தின் தரை. உங்கள் படத்தொடரின் கதை காட்டில் இல்லை, காட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் விரிந்து சுருங்குகிற அந்த நிலப்பட்டியில் இருக்கிறது.

சரி, எந்தக் குளம்? கொள்ளளவில் வட மாகாணத்தின் பெரிய குளம் இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. ஏ9 வீதிக்குக் கிட்ட இருப்பதால் போய்வர வசதி. முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்து, கச்சான் பக்கெற் ஒன்றை வாங்கிக்கொண்டு விடியுமுன் போய்ச் சேரலாம். முத்தையன்கட்டு பேராற்றைத் தடுத்தது, ஒட்டுசுட்டான் பக்கம். காடு இன்னும் நெருக்கமாகத் தெரியும். வவுனிக்குளம் பாலியாற்றில் இருக்கிறது, பட்ட மரங்களும் நீர்ப்பறவைகளும் வேண்டுமென்றால் அதுவும் நல்லது. மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் பரந்தது, ஆழம் குறைந்தது, பறவைக்குப் பேர்போனது. ஆனால் காட்டோரக் குளம் என்று நீங்கள் கேட்டதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே வயலும் வெளியும்தான் அதிகம். தொடர்ந்து ஓராண்டு போய்வர வேண்டிய வேலை என்பதால், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற குளம்தான் முடிவில் வெல்லும். பெயர் தெரியாத ஒரு கிராமக் குளமாக இருந்தாலும் பரவாயில்லை.

குளத்தைத் தெரிவு செய்யும்போது பலர் பார்க்க மறக்கிற விஷயம் திசை. இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் கட்டு வடக்கே, தண்ணீர் தெற்கே. கட்டில் நின்று குளத்தைப் பார்த்தால் பொதுவாகத் தெற்கே பார்க்கிறீர்கள், இடது கைப்பக்கம் விடியும், வலது கைப்பக்கம் பொழுதுபடும். வன்னி ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இங்கே சூரியன் உதிக்கும் இடம் ஆனியில் நேர்கிழக்கிலிருந்து வடக்கே 24 பாகை, மார்கழியில் தெற்கே 24 பாகை என்று நகரும். தெற்கு நோக்கி 180 பாகைப் பனோரமா எடுத்தால் செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை உதிக்கும் சூரியன் உங்கள் படத்தின் இடது பக்கத்துக்குள் விழும். மற்ற ஆறு மாதமும் படச் சட்டத்துக்கு வெளியே, தோளுக்குப் பின்னால். படத்தை 150 பாகையாகக் குறுக்கினால் நவம்பர் தொடக்கத்திலிருந்து பெப்ரவரி முதல் வாரம் வரைதான் உதயம் உள்ளே வரும். அதாவது மாரிகாலப் படங்களில் சூரியன் இருக்கும், கோடைப் படங்களில் இருக்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு திட்டமிட்டால், ஒரு படத்தில் மட்டும் ஏன் இடது பக்கம் வெளிறிப் போனது என்று பிறகு தலையைப் பிய்க்க வேண்டியதில்லை. இன்னொன்று: ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வரும். அந்த இரண்டுக்கும் இடையில் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். தெற்கே பார்க்கும் கமராவுக்கு முதுகு வெளிச்சம். மத்தியானப் படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற மாதங்கள் இவை.

150 பாகை என்று சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. நேராக ஓடுகிற குளக்கட்டு பனோரமாவில் வில்லாக வளையும். தனித்தனிப் படங்களை மென்பொருளில் ஒட்டி உருளை வடிவத்தில் விரிக்கும்போது கண்மட்டத்தில் உள்ள கோடு, அதாவது தூரத்துக் காட்டுக் கோடு, நேராகவே இருக்கும். ஆனால் கண்மட்டத்துக்குக் கீழே உள்ள நேர்கோடுகள் எல்லாம் வளையும். கட்டின் ஓரம் இரண்டு அந்தத்திலும் மேலெழுந்து நடுவில் தாழ்ந்து சிரிப்பது போலத் தெரியும். தட்டையான விரிப்பில் கட்டு நேராக வரும், ஆனால் 120 பாகைக்கு மேல் போனால் ஓரங்கள் இழுபட்டு மரங்கள் கொழுத்துவிடும். எனவே உருளை விரிப்பை வைத்துக்கொண்டு, கட்டின் தண்ணீர்ப் பக்க விளிம்புக்கே போய் நின்று, இரண்டு அந்தத்தையும் கொஞ்சம் வெட்டிவிடுவதுதான் என் வழக்கம். கட்டு படத்துக்குள் வராது, அலை அரிக்காமல் கட்டின் சரிவில் பதித்த அலைகற்கள் மட்டும் அடியில் ஓரமாகத் தெரியும். அது நல்லதுதான், தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று காட்டுவதற்கு அந்தக் கற்களைவிட நல்ல அளவுகோல் படத்துக்குள் வேறில்லை.

போனா கமராவா என்ற கேள்விக்கு நேரடிப் பதில்: போனிலும் செய்யலாம், ஆனால் அதிலுள்ள பனோரமா வசதியைத் தொடாதீர்கள். அது நீங்கள் கையைத் திருப்பத் திருப்ப மெல்லிய கீற்றுகளாக ஒட்டிக்கொண்டு போகும். பறக்கிற கொக்கு துண்டுபடும், அலை படிக்கட்டாகும், அடுத்த தடவை அதே அகலம் வராது. பதிலாகப் போனை நிமிர்த்திப் பிடித்து, பிரதான லென்ஸிலேயே வைத்து, திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி தனித்தனிப் படங்களாக எடுங்கள். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நீங்கள் சுழலக் கூடாது. போன் இருக்கும் இடம் அச்சாக இருக்க, நீங்கள் அதைச் சுற்றிக் கால் வைக்க வேண்டும்.

கமரா இருந்தால் முழுச்சட்ட சென்சருக்கு 50 மில்லிமீற்றர், ஏபிஎஸ்-சி என்றால் 35 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். கமராவை நெடுக்காக வைத்தால் ஒரு படம் ஏறத்தாழ 27 பாகை அகலம் பிடிக்கும். மூன்றிலொரு பங்கு மேற்படிவு விட்டால் 18 பாகைக்கு ஒரு படம், 150 பாகைக்கு 8 படம். 24 மெகாபிக்சல் கமராவில் இது ஏறத்தாழ 22,000 பிக்சல் அகலமான படமாகும். 300 டிபிஐயில் அச்சடித்தால் 6 அடி. அகல லென்ஸ் போட்டு இரண்டு மூன்று படத்தில் முடிக்கலாமே என்று தோன்றும். அதில் எதிர்க்கரைக் காடு நூல் மாதிரி மெலிந்துவிடும், பட்ட மரத்தில் சிறகு விரித்துக் காய்கிற நீர்க்காகம் ஒரு புள்ளிகூட ஆகாது. நெடுக்காக வைப்பதில் இன்னொரு வசதி, மேலிருந்து கீழ்வரை மொத்தம் 40 பாகை கிடைக்கும். நிறைந்த குளத்துக்கும் வற்றிய குளத்துக்கும் ஒரே சட்டம் பொருந்த வேண்டுமென்றால் அந்தக் கீழ்ப்பக்கம் தேவை.

அலைகற்கள் இரண்டு மீற்றரில் இருந்து, காடு மறுகரையில் இருந்தால் இடப்பிறழ்வு பிரச்சினை வரும். கமராவைத் திருப்பும்போது கிட்ட உள்ள கல் தூரத்து மரத்துக்கு முன்னால் இடம் மாறும், ஒட்டும்போது கல் இரட்டையாகும். இதைத் தவிர்க்கக் கமராவின் உடம்பைச் சுழற்றாமல் லென்ஸுக்குள் துளை தெரிகிற இடத்தைச் சுழற்றும் அச்சுக்கு மேல் கொண்டுவர வேண்டும். லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் அந்தத் துளை எவ்வளவு ஆழத்தில் தெரிகிறது என்று கண்ணுக்கே படும். வீட்டிலேயே சரிபார்க்கலாம். வேலிக் கதியால் ஒன்றைக் கிட்டவும் தூரத்துப் பனையொன்றைப் பின்னாலும் ஒரே கோட்டில் வைத்து, கமராவை இடமும் வலமும் திருப்புங்கள். கதியால் பனையை விட்டு விலகினால் கமராவை முக்காலித் தலையின் தண்டவாளத்தில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். விலகாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும் இடம் வந்ததும் பேனையால் கோடு போட்டுவிடுங்கள். அந்த லென்ஸுக்கு அதுதான் இடம், பிறகு மாறாது.

மற்ற அமைப்புகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: எல்லாம் கைமுறை. எஃப்/8, ஐஎஸ்ஓ 100, குவியம் பூட்டு, வெள்ளைச் சமநிலை வெயிலுக்கு, கோப்பு ரோ (RAW). வரிசையில் எது அதிக வெளிச்சமோ அதைப் பார்த்து வெளிச்சத்தை வைத்து, கடைசிப் படம் வரை தொடக் கூடாது. சூரியன் உள்ளே இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் குறைவு, நடு, கூடுதல் என்று மூன்று எடுங்கள். லென்ஸுக்கு முன்னால் போலரைசர் வடிகட்டி மாட்டாதீர்கள். சூரியனுக்கு 90 பாகையில் வானத்தைக் கறுப்பாக்கி மற்ற இடத்தை விட்டுவிடும், பனோரமாவில் அது நடுவானில் மை கொட்டிய மாதிரித் தெரியும். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் விடியல் வெளிச்சம் நிற்காது. ஒரு வரிசையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். முகில் போகும் திசையிலேயே கமராவைத் திருப்பினால் ஒரே முகில் இரண்டு இடத்தில் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மாதங்கள். புரட்டாதியைத்தான் நான் விரிவாகச் சொல்வேன். சிறுபோக வயலுக்குத் தண்ணீர் திறந்து, தென்மேற்குக் காற்றான சோளகமும் வெயிலும் உறிஞ்சி, குளம் ஆகக் கீழே நிற்கும் நேரம் அது. ஆனால் படம் காய்ந்து போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் விலகிய தரையில் புல் முளைத்துப் பச்சைப் பசேலென்று கிடக்கும், மாடும் எருமையும் பரந்து மேயும். தண்ணீர் ஓரத்தில் சாம்பல் நிறச் சேற்று வளையம், அதற்கு மேல் வெடித்த மண், அதற்கு மேல் புல், பிறகு காடு. தண்ணீர் படிப்படியாக இறங்கிய அடையாளம் கரையில் கோடு கோடாகத் தெரியும். மழைக்காலத்தில் மூழ்கிக் கிடந்த அடிக்கட்டைகள் வெளியே வரும். மீன் குறுகிய தண்ணீருக்குள் அடைபட்டுக் கிடப்பதால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஒரே இடத்தில் குவியும், தோணிக்காரர் விரால், ஜப்பான் மீன் (திலாப்பியா) என்று வலையோடு நிற்பார்கள். குளத்தின் உண்மையான உடம்பு இப்போதுதான் தெரிகிறது. சட்டத்தை இங்கே வைத்துத் தீர்மானியுங்கள்: அடியில் அலைகல் எவ்வளவு, மேலே வானம் எவ்வளவு என்பதை இந்தப் படத்தில் முடிவு செய்துவிட்டால் ஆண்டு முழுக்க மாற்ற வேண்டாம்.

ஐப்பசி பின்னேரங்களில் இடிமழை கட்டும். குளம் இன்னும் வற்றியே இருக்க, வானம் மட்டும் கறுத்து நிற்கும் சில நாட்கள் கிடைக்கும். இரண்டும் சேர்ந்த படம் ஆண்டில் வேறெப்போதும் அமையாது. மின்னல் தொடங்கினால் மட்டும் கட்டில் நிற்காதீர்கள், சுற்றுவட்டாரத்தில் உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் முக்காலியும்தான்.

கார்த்திகை, மார்கழியில் பெரும்பங்கு மழை விழுந்துவிடும். புயல் வந்தால் நாட்கணக்கில் ஏறவேண்டிய தண்ணீர் மணிக்கணக்கில் ஏறும். 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் பட்ட பாடு நினைவிருக்கும். 2020 டிசம்பரில் புரெவியும் இந்தப் பக்கமாகத்தான் வந்தது. அப்படியான நாளில் குளத்துக்குப் போவது படமெடுப்பவர் வேலை அல்ல, மழை விட்ட மறுநாள் போங்கள். வான் பாய்வதை எடுக்க எல்லோரும் கதவடிக்குப் போவார்கள். நீங்கள் உங்கள் துருசடி இடத்திலேயே நில்லுங்கள். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று தண்ணீரைக் கட்டை நோக்கி வரவிடாமல் எதிர்க்கரைக்குத் தள்ளுவதால், கட்டு வடக்கே இருக்கும் குளங்களில் கட்டோரம் ஓரளவு அமைதியாக இருக்கும்.

பிரதிபலிப்பு வேண்டுமென்றால் தை, மாசி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். குளம் நிறைந்து, காற்று ஓய்ந்து, விடியலில் தண்ணீருக்கு மேல் புகார், அதாவது மூடுபனி, மிதக்கும். புகார் நகர்வதால் படங்களை வேகமாக எடுக்க வேண்டும், லென்ஸில் ஈரம் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் பார்க்க வேண்டும். சூரியன் ஏறினால் புகார் போய்விடும், அதனால் நேரத்தோடு போங்கள். ஜனவரி கடைசியில் இங்கே சூரியன் ஆறரை மணியளவில்தான் உதிக்கும், மே கடைசியில் ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடும்.

சித்திரையில் வெயிலும் தூசும், ஒரு படம் எடுத்தால் போதும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். பாலைப்பழம் தின்ற கையோடு லென்ஸைத் தொடாதீர்கள், அந்தப் பால் ஒட்டினால் இலேசில் போகாது. பழத்துக்குக் கரடியும் வரும், அது வேறு கதை. ஆடியில் சோளகம் அடிக்கும், தண்ணீர் மண்ணிறமாகி அலையடிக்கும், முக்காலி ஆடும். பையை முக்காலியில் தொங்கவிட்டு, ஷட்டரை 1/250க்கு மேல் வையுங்கள். சோளகப் படத்தை அமைதியாகக் காட்ட முயலாதீர்கள். அலையோடு இருந்தால்தான் அது ஆடிப் படம்.

ஒரே இடம் என்பதை எப்படி உறுதி செய்வது? கட்டில் அசையாத கல்லொன்றைத் தெரிவு செய்து, முக்காலியின் நடுத்தண்டிலிருந்து நூல் தொங்கவிட்டு அதே கல்லின் மேல் விழச் செய்யுங்கள். முக்காலியின் உயரத்தையும் எழுதி வையுங்கள். முதல் படத்தின் நடுவில் எந்த மரம் இருந்ததோ ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே தொடங்குங்கள். துருசடியில் அடிக்கணக்கில் நீர்மட்ட அளவுகோல் நாட்டியிருக்கும், அதையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்குக் கீழே திகதியை மட்டும் எழுதுவதைவிட "19 அடி" என்று எழுதினால் வன்னியில் யாருக்கும் உடனே விளங்கும்.

அப்புறம் சில எச்சரிக்கை. கோடையில் விடியலும் பின்னேரமும் யானை தண்ணீருக்கு வரும் நேரம், நீங்கள் படமெடுக்கும் நேரமும் அதுதான். ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரிக்காமல் தனியாகப் போகாதீர்கள். குளத்தில் முதலை இருக்கும், தண்ணீரோரம் குந்தியிருந்து எடுப்பதை விடுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு, மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம். ட்ரோனுக்கு அனுமதி வேண்டும், படைமுகாம் படத்துக்குள் விழுந்தாலும் வில்லங்கம். இந்தத் தொடருக்கு ட்ரோன் தேவையும் இல்லை, அதே உயரத்தில் அதே இடத்தில் ஓராண்டு கழித்து அதை நிறுத்துவது கல்லில் முக்காலி வைப்பதைவிடக் கடினம்.

படங்களை ஒட்டுவதற்கு ஹகின் (Hugin) என்ற மென்பொருள் இலவசம், அதுவே போதும். பொருந்து புள்ளிகளை மென்பொருள் தானாகத் தேடும்போது அலைமேலும் முகில்மேலும் புள்ளி வைக்கும். அவற்றை அழித்துவிட்டு மரங்களிலும் கற்களிலும் உள்ளவற்றை மட்டும் விடுங்கள். தண்ணீரில் ஒட்டு சரியாக வராவிட்டால் கவலை வேண்டாம், மென்மையாகக் கலந்தால் அலை தன்னை மறைத்துக்கொள்ளும். புரட்டாதிப் படத்தை முதலில் முடித்து, அதன் விரிப்பு, அகலம், வெட்டு எல்லாவற்றையும் சேமித்து வைத்து, மற்ற மாதங்களையும் அதே கோப்பில் ஏற்றி எதிர்க்கரை மரங்களோடு பொருத்துங்கள். பிறகு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது காட்டுக் கோடு எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு பட்டையில் அது இரண்டு பிக்சல் ஏறியிருந்தாலும் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.